வீட்டுக்குள் திடீரென்று எலி: பாசாணப் பொட்டலத்தைப் பிரிக்க முன்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். உருத்திரபுரத்தில் வீட்டுத்திட்ட வீடு, மேலே ஓடு. காலபோக நெல்லை வெட்டி மூடைகளை முன்னறையில் அடுக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வீடு முழுக்க எலி. குசினியில் பாணும் மாவும் பிள்ளையின் பிஸ்கற்றும் கடிபட்டுக் கிடக்கின்றன. பகலிலும் ஒன்று சுவரோரமாக ஓடக் கண்டிருக்கிறீர்கள். கடைக்காரர் பெயர் எதுவும் போடாத எலிப் பாசாணப் பொட்டலம் ஒன்றைத் தந்து சோற்றில் பிசைந்து வைக்கச் சொன்னார், மாமியார் பூனை வளர்க்கச் சொல்கிறார், கணவர் மின்சாரத்தில் செருகும் ஒலிக்கருவி வாங்கலாம் என்கிறார். இதில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் தவழுகிற பிள்ளை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது: பிள்ளைக்கு ஒரு தீங்கும் வராமல் இதை எப்படி முடிப்பது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். குசினி, கிணறு, மலசலகூடம், கோழிக்கூடு என்று வீடுவீடாகப் பார்த்ததுதான் என் தொழில். வைத்தியன் அல்ல. காய்ச்சல் பற்றிக் கீழே எழுதுவதை, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே எங்கே உறுதியாகச் சொல்கிறேன், எங்கே ஊகமாகச் சொல்கிறேன் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவேண்டாம். வந்திருப்பது எந்த எலி என்று பாருங்கள். சாப்பாட்டையும் நெல்லையும் அதன் வாய்க்கு எட்டாமல் வையுங்கள். அதே இரவில் பொறிகளை வையுங்கள். பிறகு ஓட்டைகளை அடையுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம். பெரும்பாலான வீடுகளில் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்துவிட்டுத்தான் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

ஏன் திடீரென்று வந்தது? வயலில் மெசின் இறங்கி நெல்லை வெட்டியதும் அங்கிருந்த எலியெல்லாம் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டது என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி என்பது என் எண்ணம். வரம்பில் வளை தோண்டி வாழும் வயலெலி, சீமெந்து நிலமுள்ள வீட்டுக்குள் வந்து நிலையாகக் குடியிருப்பது குறைவு. அறுவடை முடிந்ததும் அது வரம்பையும் வைக்கல் கும்பியையும் வளவு ஓரப் பற்றையையும் தேடித்தான் போகும். வீட்டுக்குள் பெருகுவது பெரும்பாலும் சுண்டெலி. அது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ முன்பே இரண்டு மூன்று இருந்திருக்கும். நெல் மூடை வந்ததும் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஒரே இடம் கிடைத்துவிட்டது. மூடையோடு மூடையாகவும் சில வந்திருக்கலாம். சுண்டெலி சினைப்பட்டு மூன்று கிழமையில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஐந்து ஆறு குட்டி. அந்தக் குட்டிகள் ஆறு ஏழு கிழமையில் தாமே சினைப்படத் தொடங்கிவிடும். நமக்குத்தான் அது திடீர்.

மழைக்காலத்துக் கதை வேறு. கார்த்திகை, மார்கழியில் வயலும் வாய்க்காலும் நிரம்பி வளைக்குள் தண்ணீர் போகும்போது பெரிய எலிகள் மேட்டைத் தேடி வளவுக்குள் ஏறுவது உண்மை. நீங்கள் எழுதியிருப்பது மாசி, பங்குனிக் கதை. அதனால் என் சந்தேகம் வயலின் மேல் இல்லை, முன்னறையின் மேல்தான்.

இனி, எது வந்தது என்று பார்ப்பது. இன்று இரவு படுக்க முன் அடுப்புச் சாம்பலை அரித்து, குசினிச் சுவரோரத்திலும் மூடைகளைச் சுற்றியும் கதவு நிலையடியிலும் மெல்லிசாகத் தூவிவிடுங்கள். காலையில் விளக்கைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். சின்னப் புள்ளிகளாகக் கால் தடமும் இடையில் வால் இழுத்த கோடும் தெரியும். எங்கிருந்து தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. அந்தப் பாதையில்தான் பொறி வைக்கப்போகிறோம். பார்த்த பின் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், பிள்ளை தவழ முன்.

புழுக்கையைப் பாருங்கள். அரை அரிசி மணி அளவில், இரண்டு முனையும் கூராக, கறுப்பாகக் கண்டபடி சிதறிக் கிடந்தால் சுண்டெலி. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாக இருந்தால் வீட்டெலி. அது சுவர் மேலே கூரை முட்டும் புகட்டிலும் கூரை வளை மரத்திலும் ஓடும், ஓட்டுக்குக் கீழே இரவில் தடதடவென்று சத்தம் கேட்கும். அதைவிடத் தடிப்பாக இருந்து, வளவில் புது மண் கிளறிய வளையும் இருந்தால் அகழான். பளபளப்பும் ஈரமும் இருந்தால் அன்றன்று போட்டது. சாம்பல் நிறத்தில் தொட்டதும் நொறுங்கினால் பழையது. பழையது மட்டும் இருக்கும் இடத்தில் பொறி வைத்துப் பிரயோசனம் இல்லை. குச்சியால் தொட்டுப் பாருங்கள், கையால் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீண்ட மூக்கும் மிகச் சிறிய கண்ணும் கொண்டு, கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு, சுவரோரத்தில் நாற்றத்தோடு ஓடுவது மூஞ்சூறு. அது எலியே அல்ல. கரப்பான், பூச்சி, புழு தின்கிற பிராணி. நெல் மூடையை வெட்டுவது அதன் வேலை இல்லை. பகலில் நீங்கள் கண்டது அதுவாகவும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. அப்படியென்றால் அதை விட்டுவிடுங்கள், கதவடி இடைவெளியை மட்டும் அடைத்தால் போதும். கண்டது சுண்டெலிதான் என்றால் செய்தி நல்லதல்ல. இரவுப் பிராணி பகலில் வெளியே வருகிறதென்றால் உள்ளே எண்ணிக்கை கூடிவிட்டது என்பதற்குத்தான் அது பெரும்பாலும் அடையாளம்.

சுண்டெலி தன் படுக்கையிலிருந்து அதிக தூரம் போகாது. மூன்று மீற்றர், மிஞ்சினால் பத்து மீற்றர். ஆகவே கடிபட்ட பொருளுக்குப் பக்கத்திலேயே கூடு இருக்கும். நான் பார்த்த வீடுகளில் அடிக்கடி கூடு இருந்தது இரண்டு இடத்தில். ஒன்று, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் கீழே மோட்டர் இருக்கும் சூடான இடம். மற்றது, சுவரோடு ஒட்டி அடுக்கிய மூடைகளின் கீழ் வரிசை. மேல் மூடைகளை எடுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் இரண்டு மூடைக்கு நடுவே உரப்பை நூலை மயிர்போலக் கிழித்து, நடுவில் துணிப் பஞ்சும் நெல் உமியும் சேர்த்து உள்ளங்கை அளவில் ஒரு உருண்டை இருக்கும். அதைப் பிரித்தால் மயிரில்லாத சிவப்புக் குட்டிகள், கண் திறக்காமல். சுற்றியிருக்கிற உரப்பை நனைந்து மஞ்சளாகி, மூக்கை அடிக்கும் மூத்திர நாற்றம். அந்த மூடை நெல்லைக் கண்ணை மூடிக்கொண்டு குத்திச் சமைக்க முடியாது. கூட்டைச் சுற்றியுள்ள நெல்லைத் தனியே அள்ளி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தைப் புடைத்து நன்றாக வெயிலில் காயவிட்டு, அவித்துக் குத்துகிற நெல்லாகப் பாவிக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராம் சாப்பாடு போதும். பிள்ளை சாப்பிட்டுச் சிந்திய பிஸ்கற் துணுக்கே அதற்கு ஒரு நாள் சாப்பாடு. தண்ணீரும் பெரிதாகத் தேவையில்லை, சாப்பாட்டில் இருக்கிற ஈரத்திலேயே தாக்குப் பிடிக்கும். ஆகவே பானையை மூடி வைத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். அரிசி, மா, சீனி, பருப்பு, கச்சான், பால்மா, கருவாடு எல்லாம் இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணிக்கோ கண்ணாடிப் போத்தலுக்கோ போகவேண்டும். மெல்லிய பிளாஸ்ரிக் டப்பாவைக் கடித்து ஓட்டை போடும், பொலித்தீன் பை தடையே இல்லை. இரவுச் சட்டி பானையைக் கழுவாமல் விட்டுப் படுக்கக்கூடாது. கோழிக்குப் போட்ட தீனி மிச்சத்தைப் பின்னேரமே அள்ளிவிடுங்கள். நாய்க்கு வைத்த சோற்றுக் கோப்பை விடிய விடிய விறாந்தையில் கிடந்தால் நீங்கள் வைக்கும் பொறியை எந்த எலி எட்டிப் பார்க்கும்?

நெல்தான் பெரிய வேலை. நம் பெரியவர்கள் கொம்பறை என்ற நெற்களஞ்சியம் கட்டி, நிலத்திலிருந்து உயர்த்தி, வீட்டுக்கு வெளியே நெல்லை வைத்தார்கள். இப்போது வீட்டுக்குள் நெல் வந்ததற்குக் களவும் மழையும் காரணம் என்று எனக்குத் தெரியும், அதற்காக உங்களைக் குறை சொல்ல வரவில்லை. முடிந்தால் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள். வைப்பதை மூடியுள்ள தகரப் பரலில் போடுங்கள். 200 லீற்றர் பரல் ஒன்றில் ஏறக்குறைய ஐந்து புசல் நெல் பிடிக்கும். விவசாய மருந்தோ வேறு இரசாயனமோ இருந்த பரலை எத்தனை தரம் கழுவினாலும் பாவிக்கக்கூடாது. நெல்லின் ஈரம் 14 வீதத்துக்குக் கீழே காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பரலுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பரல் வாங்க இப்போது வசதி இல்லையென்றால், கல் வைத்துப் பலகை போட்டு அதன்மேல் மூடைகளை அடுக்குங்கள். நிலத்திலிருந்து ஒரு அடி உயரமும் சுவரிலிருந்து ஒன்றரை அடி தூரமும் இருக்கட்டும். கீழேயும் பின்னாலும் தும்புத்தடி போய் வரவேண்டும். எலிக்கு ஒளிக்க இடமில்லாமல் போகும், உங்களுக்கும் புழுக்கை கண்ணில் படும். பலகையில் வைத்தால் எலி ஏறாது என்று நான் சொல்லவில்லை, ஏறும். கூடு கட்டுவதுதான் கடினமாகும்.

பொறிக்கு வருவோம். சுண்டெலிக்கு வில் வைத்து அடிக்கும் சின்னப் பொறியைப்போல வேறொன்றும் இல்லை. மலிவு, விஷம் இல்லை, செத்தது எங்கே என்று தேடவேண்டியதும் இல்லை. ஒரு பொறியை வாங்கி வைத்து, ஒரு கிழமை பார்த்துவிட்டு, அகப்படவில்லை என்று விடுகிறவர்கள் கனபேர். அப்படிச் செய்யக்கூடாது. ஒரே இரவில் ஆறு, எட்டு வையுங்கள். சாம்பலில் தடம் கண்ட இடங்களில், இரண்டு மூன்று மீற்றருக்கு ஒன்றாக, சுவருக்குக் குறுக்காக, தீன் வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்கவேண்டும். எலி நடு அறையால் போகாது, மீசை சுவரில் உரசும்படி ஓரமாகத்தான் ஓடும். தீனைக் குவித்து வைத்தால் நக்கிவிட்டுப் போய்விடும். சுட்ட தேங்காய்ச் சொட்டில் சிறு துண்டு, அல்லது கருவாட்டுத் துண்டு, அல்லது இடித்த கச்சான். கடலை அளவு போதும். தேங்காயையும் கருவாட்டையும் நூலால் பொறியில் கட்டிவிடுங்கள், அப்போது இழுத்தே ஆகவேண்டும்.

பிள்ளை தவழும் வீடு என்றபடியால், எல்லோரும் படுத்த பிறகு வைத்து, பிள்ளை எழும்ப முன் எடுத்துவிடுங்கள். எத்தனை வைத்தீர்கள் என்று எண்ணி வைத்து, எண்ணி எடுங்கள். அல்லது ஒரு மரப்பெட்டியின் இரண்டு பக்கமும் எலி நுழையும் அளவுக்கு வெட்டிக் கவிழ்த்து அதற்குள் வைக்கலாம். பிள்ளையின் கை அதற்குள் போகக்கூடாது, மேலே ஒரு கல்லும் இருக்கட்டும். செத்ததை வெறுங்கையால் தொடவேண்டாம். கைக்கு ஒரு பொலித்தீன் பையை மாட்டிப் பிடித்து, அதே பையைப் புரட்டி மூடி, கிணற்றுக்குத் தூரமாக இரண்டு அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். பிறகு சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

புழுக்கை பெரிதாக இருந்து வந்தது வீட்டெலிதான் என்றால் ஒரு மாற்றம் செய்யவேண்டும். சுண்டெலி புதுப் பொருளைக் கண்டால் போய் மோந்து பார்க்கும். வீட்டெலி புதுப் பொருளுக்குப் பயம், நாள்கணக்கில் ஒதுங்கிப் போகும். ஆகவே பெரிய பொறியை அல்லது கூட்டுப் பொறியை அது ஓடும் வளை மரத்திலும் புகட்டிலும் வைத்து, வில்லை ஏற்றாமல், நாலைந்து நாள் சும்மா தீன் போடுங்கள். தின்று பழகிய பிறகு ஒரே இரவில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள்.

மற்ற யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிக்கருவிக்குக் காசைக் கொடுக்கவேண்டாம். முதல் சில நாள் எலி விலகுவதுபோலத் தெரிந்தாலும் சத்தத்துக்குப் பழகிவிடும், அந்தச் சத்தம் சுவரையோ மூடையையோ தாண்டியும் போகாது. பூனை இருந்தால் நல்லது, வெளியிலிருந்து புதிதாக வருவதைக் குறைக்கும். ஆனால் உள்ளே பெருகிவிட்ட சுண்டெலியைப் பூனை முடித்துத் தரும் என்று நான் சொல்லமாட்டேன், மூடை இடுக்குக்குள் அது போகவே முடியாது. உள்ளி, மிளகு, பூச்சி உருண்டை வைக்கிறவர்கள் பலன் உண்டு என்கிறார்கள். நான் பார்த்தவரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறியதே தவிரப் போனதில்லை. பூச்சி உருண்டை பிள்ளை வாயில் போட்டால் ஆபத்து, அது வேண்டவே வேண்டாம். பசை அட்டை அகப்படுத்தும். ஆனால் எலி அதில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உயிரோடு துடிக்கும், மூத்திரமும் புழுக்கையும் சுற்றிவரப் போகும், பல்லியும் ஓணானும் ஒட்டும், பிள்ளையின் கையும் ஒட்டும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இனிப் பாசாணம். ஏன் வேண்டாம் என்று விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். எலிப் பாசாணம் பொதுவாக இரண்டு விதம். ஒன்று, இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. சிவப்பு, நீலம், பச்சை நிறத்தில் கட்டியாகவோ தானியமாகவோ வரும். எலி தின்று மூன்று நாள் தொடக்கம் ஒரு கிழமைக்குள் சாகும். மற்றது சிங் பொஸ்பைட் போன்றது. கறுப்பு அல்லது கடும் சாம்பல் நிறத் தூள், உள்ளி நாற்றம் அடிக்கும். வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயு கிளம்பிச் சில மணி நேரத்தில் கொல்லும். முதல் வகைக்கு விற்றமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. இரண்டாவதற்கு நேரடியான மாற்று மருந்து இல்லை. உங்கள் பொட்டலத்தில் பெயரே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் பெரிய பயம். பிள்ளை ஒரு வாய் தின்றுவிட்டால் வைத்தியருக்கு எதைச் சொல்வீர்கள்? இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட பொருளைத்தான் விற்கலாம், சுட்டுத்துண்டு மூன்று மொழியிலும் இருக்கவேண்டும். அது இல்லாததை வாங்கவே வேண்டாம். வாங்கியதைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிச் சொல்லுங்கள். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டிவிடாதீர்கள்.

சோற்றில் பிசைந்து வைப்பது எல்லாவற்றிலும் மோசம். எலிக்கு வைத்த சோறு கோழிக்கும் நாய்க்கும் பிள்ளைக்கும் சோறுதான். எலி அதை இழுத்துக்கொண்டுபோய் அரிசிப் பானைக்குப் பக்கத்திலும் போடும். தின்ற எலி சாகிற இடம் உங்கள் கையில் இல்லை. மூடைக்கு அடியிலோ புகட்டிலோ செத்துக் கிடந்தால், இந்தப் பங்குனி வெயிலில் இரண்டு கிழமைக்கு அந்த அறையில் படுக்க முடியாது. தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்கிற பூனையும் ஆந்தையும் சாகும். கூகை ஒரு குடும்பம் வயல்கரையில் இருந்தால் ஓர் இரவில் எத்தனை எலி தூக்கும் என்பது வயல் செய்கிறவர்களுக்குத் தெரியும். அதைக் கொன்றுவிட்டு அடுத்த போகத்துக்கு எலிக்கு அழுவதில் பிரயோசனம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடமுடியாது. கோபத்திலும் துக்கத்திலும் கைக்கு எட்டுகிற இடத்தில் பாசாணம் இருந்ததால் போன உயிர்கள் நம் பக்கத்தில் கொஞ்சமல்ல. எந்த வீட்டிலும் அது தேவைக்கு மேல் ஒரு நாளும் இருக்கக்கூடாது. நெல்லுக்குள் வண்டுக்குப் போடும் வாயு மாத்திரையை எலிக்காக வீட்டு அறையில் வைக்கிற பழக்கமும் சில இடத்தில் உண்டு. மூடிய அறையில் படுத்திருக்கிறவர்களை அந்த வாயு கொன்றுவிடும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

வளவில் அகழான் தொல்லை தாங்கமுடியாமல் போய்ப் பாசாணம்தான் வழி என்று வந்தால், பதிவுள்ள கட்டி மருந்தை மட்டும், பூட்டக்கூடிய பெட்டிக்குள் கம்பியில் கோத்து, வீட்டுக்கு வெளியே வைக்கலாம். அதையும் பிள்ளை நடக்கத் தொடங்க முன் எடுத்துவிட வேண்டும். கமநல சேவை நிலையத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

பிள்ளை பாசாணத்தைத் தொட்டதாகவோ வாயில் வைத்ததாகவோ சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் செய்யும் வகையில் முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறவேண்டாம். வாயைத் துடைத்து, வாந்தி எடுக்கச் செய்யாமல், உப்புத் தண்ணீரும் கொடுக்காமல், பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, வைத்தியர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள்.

ஓட்டை அடைப்பு. சுண்டெலிக்கு ஆறு மில்லிமீற்றர் இடைவெளி போதும். பென்சில் நுழைகிற இடமெல்லாம் அது நுழையும். தண்ணீர்க் குழாய், மின்கம்பி சுவருக்குள் போகும் துளைகள், குசினிப் புகைக்கூடு, கதவடி, யன்னல் நிலைக்கும் சுவருக்கும் நடுவே வெடித்த இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். துணியோ கடதாசியோ அடைத்தால் கூடு கட்டப் பஞ்சு கொடுத்ததாகத்தான் முடியும். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளைத் திணித்து அதன்மேல் சீமெந்து பூசுங்கள். கதவடிக்கு மெல்லிய தகரப் பட்டி அடியுங்கள். ஓட்டு வீட்டில் புகட்டு முழுவதையும் எலி புகாமல் அடைப்பது நடக்கிற காரியமல்ல, நேராகச் சொல்லிவிடுகிறேன். அதற்குச் செலவழிக்கிற காசில் நெல் இருக்கும் அறையையும் குசினியையும் மட்டும் சிறுகண் கம்பி வலையால் இறுக்குங்கள். கூரையைத் தொடும் முருங்கைக் கொப்பையும் பூவரசங் கொப்பையும் வெட்டிவிடுங்கள், வீட்டெலிக்கு அதுதான் ஏணி.

துப்புரவில் ஒரு விஷயம். புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டக்கூடாது, தூசு மூக்கில் ஏறும். யன்னலைத் திறந்து காற்றோட விட்டு, மூக்கை மறைத்து, ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை நன்றாக நனையத் தெளியுங்கள். ஐந்து பத்து நிமிடம் விட்டு, பழந்துணியால் வழித்தெடுத்துத் துணியையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள். அந்த வேளையில் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடுங்கள்.

எலிக்காய்ச்சல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்கள் போனதால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானது. கிருமி எலியின் மூத்திரத்தில் வரும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் கிழமைக்கணக்கில் உயிரோடு இருக்கும், நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும். காலில் உள்ள வெட்டு, கீறல், கண், வாய் வழியாக உள்ளே போகும். இதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் அதிக ஆபத்து பிள்ளைக்கு அல்ல, சேற்றில் இறங்குகிற உங்கள் கணவருக்கு. வயல் வேலை தொடங்க முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால், தேவையானவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் தருவார்கள். நீங்கள் பால் கொடுக்கிறவர், அவருக்குத் தந்ததை நீங்களோ பிள்ளையோ எடுக்கக்கூடாது. கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசை தொட முடியாத நோ, கண் சிவத்தல், சலம் போவது குறைதல், இதில் எது வந்தாலும் பனடோலோடு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் நின்றதையும் வீட்டில் எலி இருப்பதையும் வாயால் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் வைத்தியருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும். பிள்ளைக்கு வீட்டு எலியால் வரக்கூடியது பெரும்பாலும் அசுத்தமான சாப்பாட்டால் வரும் வயிற்றோட்டம்தான். போத்தல், சூப்பி, கோப்பையை இரவில் வெளியே வைக்கவேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வன்னியில் இருந்துகொண்டு நான் சொல்லாமல் விடமாட்டேன். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். சாரை வந்தால் பயமில்லை. நாகமும் புடையனும் கட்டுவிரியனும் அதே வழியால்தான் வரும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து நிலத்தில் பாய்போட்டுப் படுத்திருக்கிறவர்களைக் கடிக்கிற பாம்பு. கடித்ததே தெரியாமலும் போகலாம். எலி ஓயும் வரை பிள்ளையை நிலத்தில் படுக்கவைக்காதீர்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, நுளம்பு வலையைப் படுக்கைக்குக் கீழே நன்றாகச் செருகிவிடுங்கள். மூடைகளை இறக்கும்போது லைட் அடித்துப் பார்த்து, தடியால் தட்டி, பிறகு கை வையுங்கள். விறகுக் கும்பியையும் உடைந்த ஓட்டுக் குவியலையும் சுவரோடு வைத்திருந்தால் வளவின் ஓரத்துக்கு மாற்றுங்கள்.

எத்தனை நாளில் முடியும்? முதல் மூன்று நாலு இரவில் பொறியில் நிறைய அகப்படும், பிறகு சட்டென்று நின்றுபோகும். அங்கேதான் எல்லோரும் பொறியைக் கழற்றிவிடுகிறார்கள். கூட்டுக்குள் குட்டிகள் மிச்சம் இருக்கும், சினை எலி ஒன்றாவது தப்பியிருக்கும். கடைசியாகப் புதுப் புழுக்கை கண்ட நாளிலிருந்து மூன்று கிழமைக்குப் பொறிகளைத் தொடர்ந்து வையுங்கள், இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு. இடையிடையே சாம்பலைத் தூவிப் பாருங்கள். மூன்று கிழமைக்குப் பிறகும் தடம் இருந்தால், நீங்கள் இன்னும் காணாத கூடு ஒன்று இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியை முன்னுக்கு இழுத்து, பின் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு. அதிலும் இல்லையென்றால் புழுக்கையை ஒரு ஐந்து ரூபாய்க் குற்றிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், எந்த எலி என்று பார்த்துச் சொல்கிறேன். ஐப்பசியில் மழை தொடங்க முன் அடைத்த ஓட்டைகளை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள், சீமெந்து வெடித்திருந்தால் அப்போதே பூசிவிடலாம்.